ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை

காது அதே காதுதான். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. மேடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பேராசிரியரின் இடது காதையே சொர்ணம் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெயில் போட்ட அப்பளம் ஓரம் சுருளுமே, அந்த மாதிரி மேல்மடல் வெளியே பார்த்துச் சுருண்ட காது. கனகத்துக்கும் இதே காதுதான். அதை மறைக்கத்தான் அவள் முடியை அந்தப் பக்கமாக எடுத்து விடுவாள், எடுத்து விட்டாலும் கொஞ்ச நேரத்தில் அது எட்டிப் பார்த்துவிடும், ஏண்டி சொர்ணம், எங்கப்பன் எனக்குன்னு விட்டுவச்சது இந்தக் காது ஒண்ணுதாண்டி, என்று சிரிப்பாள். அவள் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. காது மட்டும் வெள்ளைக் கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. மின்விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது, மூணு சுற்றுக்கு ஒரு கிரீச், இவள் எண்ணிப் பார்த்துவிட்டாள். சங்கக் கட்டடத்து மாடி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ஜன்னல் வழியாக மதுரை வெயில் கடைசி வரிசை வரைக்கும் நீட்டிப் படுத்திருந்தது. மேடைக்குப் பின்னால் ஏழு நிறத்தில் ஒரு பதாகை. நாலாம் வகுப்பைப் பாதியில் விட்டவளுக்கு அதை எழுத்துக்கூட்டி முடிக்கவே நேரம் பிடித்தது. வானவில் கவிமாலை, திருநர், பால்புதுமைப் படைப்பாளிகள் சந்திப்பு. அதுக்குக் கீழே படிக்கிறவர்கள் பேரெல்லாம் எறும்பு மாதிரி. எறும்புக்கெல்லாம் கீழே தடித்தடியாக, வாழ்த்துரை, முனைவர் எழில்வேந்தன். எழில்வேந்தனாம். ஆவாரங்குளம் செல்லையா மகன் பாண்டித்துரை எப்போது எழில்வேந்தன் ஆனான்? பேரை மாத்திக்கொண்டான், ஊரும் சரி சரியென்று கூப்பிடுகிறது, எந்தச் சித்தப்பனும் அரிவாளைத் தூக்கவில்லை, எந்த ஆத்தாவும் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கவில்லை. கனகமும் பேரைத்தானே மாத்தினாள், முதலில்.

இந்தக் கூட்டத்தை ஏற்பாடு பண்ணின திரவியம் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவன். பொம்பளப் பிள்ளையாகப் பிறந்தவன் என்று ஊர் சொல்லும். நான் எப்பவும் பையன்தாம்மா, ஊருக்குத்தான் கண்ணு தெரியல, என்பான் அவன். ஒருநாள் இவள் வீட்டுக்கு ரேஷன் கார்டு நகல் கொண்டுவந்தவன், இவள் அரிசி களைந்துகொண்டே தன்பாட்டுக்குக் கனகத்தைப் பற்றி ராகம் போட்டு இழுத்ததைக் கேட்டுவிட்டு, போனை நீட்டிப் பதிவு பண்ணிக்கொண்டான். "அம்மா, இது கவிதைம்மா." "போடா கிறுக்குப் பயலே, இது அழுகை." "ரெண்டும் ஒண்ணுதாம்மா." ஒண்ணா? அழுகைக்கு எவன் பதாகை கட்டுவான்? ஆனாலும் அவன் விடவில்லை, அதை வரி வரியாக மடக்கித் தாளில் எடுத்துவந்து, பன்னிரண்டு வரி என்று எண்ணிக் காட்டி, இந்தா பாருங்கம்மா, கவியரங்கத்துல ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை சொல்லணும், மொதத் தடவ காதுல விழும், ரெண்டாந்தடவதான் மனசுல விழும், ஆஹான்னு சொல்லுவாங்க, நின்னு நிதானமாத் திருப்பிச் சொல்லுங்க, என்று பாடம் நடத்தினான். செத்தவ ஒருதரம் செத்தது பத்தாதாடா, ரெண்டுதரம் சொல்லணுமா, என்று கேட்டதற்குச் சிரித்தான். அப்புறம் ஒருநாள் நோட்டீஸைக் காட்டினான். அதில்தான் அந்தக் காதைப் பார்த்தாள். இவன் யாரு தெரியுமாடா என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே திரவியம் நோட்டீஸிலிருந்து அந்தப் பேரை அடித்துவிட்டிருப்பான், பயல் அப்படிப்பட்டவன், கோபம் மூக்குமேல். அதனால்தான் சொல்லவில்லை. பாண்டித்துரை வரட்டும். வந்து உட்காரட்டும். வாழ்த்துரை கடைசியில், அதுக்கு முந்தி இவள். கேட்காமல் எழுந்து போக முடியாது. பதினோரு வரி ஊருக்கு. பன்னிரண்டாவது வரி அவனுக்கு. அந்த வரி திரவியம் தாளில் வெறும் 'என் தோழி' என்றுதான் இருக்கிறது. சொர்ணம் அதை மாத்தி வைத்திருந்தாள், வாய்க்குள்ளேயே, யாருக்கும் காட்டாமல்: ஆவாரங்குளம் செல்லையா மகள் கனகம். மகள். இந்த ஒரு சொல்லை அவன் காதில், அந்தச் சுருண்ட காதில், நாலுபேர் கேட்கப் போட்டுவிட்டால் போதும், அப்புறம் இவள் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். வரிசையாக நிற்க வைத்து, பேராசிரியர் ஒவ்வொருத்தராகப் போர்த்திக்கொண்டு வந்தார். இவள் முறை வந்தது. இவள் கட்டியிருந்தது அரக்குச் சேலை, கடுகு மஞ்சள் கரை. ஒன்பது வருஷமாகப் பெட்டியில் கிடந்து மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்த சேலை. நேற்று கூடக் குடியிருக்கிற ராணிகூட, ஆத்தாடி, பொணத்துக்கு எடுத்த கோடியக் கட்டிக்கிட்டு யாராவது மேடை ஏறுவாகளாக்கா, என்று வாயில் அடித்துக்கொண்டாள். ஏறத்தான் போறேன். அவன் பார்க்கணும். கனகத்தின் உடம்பை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டார் ஊருக்குக் கொண்டுபோன அன்றைக்கு இதே சேலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஆவாரங்குளத்தில் அவன் வீட்டு வாசலில் நின்றபோது பார்த்தானே, அந்த ஞாபகம் வந்து முகம் செத்துப்போகணும். அவனோ போட்டோ எடுக்கிறவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தோளில் போர்த்திவிட்டு, வணக்கம்மா என்று, அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிட்டான். முகத்தைப் பார்க்கவே இல்லை. போர்த்தின கையில் சந்தன சோப்பு வாசம். கனகத்துக்கும் அந்த வாசந்தான் பிடிக்கும், இது என்ன கண்றாவி, சோப்புமா பிறந்த வீட்டோடு வருகிறது? அன்றைக்கு இந்தக் கையை மறித்து நீட்டித்தான் அவன் வாசலில் நின்றான். பிறந்த வீட்டுக் கோடி அவளுக்கு விழாது என்று தெரிந்துதான் திருநங்கைகள் ஜமாத்தில் எல்லாரும் சேர்ந்து இந்தச் சேலையை எடுத்து இவளிடம் கொடுத்து அனுப்பினார்கள். நம்ம பிள்ள நம்ம சேலையோட போகட்டும் என்று. அவன் வந்து என்ன சொன்னான், கோபமாகக்கூடச் சொல்லவில்லை, எவ்வளவு பதவிசாகச் சொன்னான்: "அக்கா, தயவுசெஞ்சு பிரச்சனை பண்ணாதீங்கக்கா. சொந்தக்காரங்க எல்லாம் இருக்காங்க. எங்க அண்ணனுக்குச் சேலை எதுக்குக்கா?" இவளை அக்கா என்கிறான். உள்ளே கிடக்கிறவளை அண்ணன் என்கிறான். தெருவில் போகிறவளை அக்கா என்று கூப்பிடுவது சுலபம், அவள் வீட்டுக்குள் வரமாட்டாள்.

ஒரு பையன் வாசித்துக்கொண்டிருந்தான். பேருந்து நிலையத்தில் இன்னொரு பையனின் விரல் தன் விரலைத் தொட்டதையும், சொல்ல முடியாமல் பஸ் கிளம்பியதையும். நல்லாத்தான் இருந்தது. ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை சொன்னான், ரெண்டாந்தடவை சொல்லும்போது குரல் நடுங்கியது, திரவியம் சொன்னது சரிதான் போல. முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா ஒவ்வொரு வரிக்கும் ஆஹா, ஆஹா என்றாள், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. சொர்ணத்துக்குத் தன் குரலை நினைத்தால் பயம். பஸ்ஸில் வாயைத் திறக்காத வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், எந்த ஊரு தாயி என்று கேட்டு இவள் பதில் சொன்னதும் எழுந்து போவார்கள். மைக்கில் அந்தக் குரல் இன்னும் தடியாக வரும். கனகத்துக்கு அந்தக் கவலை இல்லை, அவள் குரலைக் கேட்கிறதுக்கு முந்தி முடியைப் பார்த்துவிடுவார்கள். இடுப்புக்குக் கீழே இறங்கின முடி. 'கனகு தலை முழுகினா தெருவுக்கே சீயக்கா வாசம். கனகு தலை காயவச்சா கொடிக்கயித்தில் எடமில்ல.' இது முதல் ரெண்டு வரி. இதைச் சொல்லிவிடலாம், இதில் பயம் இல்லை. பேர் வைத்த அன்றைக்கு, நீ சொர்ணம், நான் கனகம், ரெண்டு பேருமே தங்கந்தாண்டி, நம்மள எவன் கொண்டுபோயி அடகு வைக்கிறான்னு பாப்போம், என்றாள். வீட்டை விட்டு வந்த புதிதில் தலையில் ஒட்ட வெட்டின கிராப்பு, அதை ஒரு விரல்கடை, ரெண்டு விரல்கடை என்று ஒவ்வொரு அமாவாசைக்கும் அளந்து அளந்து வளர்த்தவள். ஜமாத்தில் எவளாவது மன்னிக்கவே முடியாத தப்புப் பண்ணினால் முடியை அறுத்து விரட்டுவார்கள், அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது, அப்படி ஒருத்தியை விரட்டினதைப் பார்த்துவிட்டுக் கனகம் மூணு நாள் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் இது வந்துறக் கூடாதுடி. வரவில்லை, ஜமாத்தில் வரவில்லை. செத்தபிறகு வந்தது. என்ன தப்புப் பண்ணினாள் அவள்? தம்பி படிக்கிற காலேஜ் வாசலில் போய் நின்றாள், அதுதான். பால்கோவா வாங்கிக்கொண்டு போய், வெயிலில், புளியமரத்து ஓரமாக. அவன் நாலு சேக்காளிகளோடு வந்தான், பார்த்தான், பார்த்துவிட்டு, யார்ரா அது என்று அவன்களோடு சேர்ந்து அவனும் சிரித்துக்கொண்டு போனான். திரும்பி வரும்போது பஸ்ஸில் பால்கோவாவை இவளுக்கே ஊட்டிவிட்டாள். தம்பி வளந்துட்டாண்டி, மீசை வந்துருச்சு, என்றாள். அதை மட்டும்தான் சொன்னாள். அந்தப் பால்கோவாவின் தித்திப்பு இன்னும் நாக்கில் இருந்தது. அவனைச் சபித்துவிட்டு இறங்கிவிடலாமா? மண்ணை வாரித் தூத்தினால் பலிக்கும் என்று கடைக்காரன்கள் பயப்படுகிறார்களே. பலிக்கிறதாக இருந்தால் இந்த ஊரில் பாதி வீட்டில் ஆள் இருக்காது.

அன்றைக்கு ஆவாரங்குளத்து வாசலில் நின்றபோது பந்தல் கீற்று இடுக்கு வழியாகத் தெரிந்தது. எல்லாம் தெரியவில்லை, ஒரு கை தெரிந்தது, நாவிதர் கை, கத்திரி. பின்னந்தலைக்குக் கத்திரி எட்டவில்லை போல, துரை, தலையத் தூக்கிப் பிடிப்பா, என்று யாரோ சொன்னார்கள். அவன் குனிந்து ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டான். கிரீச். மூணு சுற்றுக்கு ஒரு கிரீச். அப்புறம் கனகத்துக்கு வேட்டி கட்டி, சட்டை போட்டு, தாடையில் துணி கட்டி, பழைய பேரைச் சொல்லி அழுதார்கள். அவன் ஒரு மஞ்சப்பையைக் கையில் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான், பை வாயில் கருப்பாக ஒரு முழத்துக்கு வெளியே தொங்கியது. அதுதான் கடைசி. மறுநாள் விடிய இவள் அந்த ஊர்க் குப்பைமேட்டில் போய்க் கிளறினாள், கருவேலங்காட்டில் கிளறினாள், நாய் குரைத்தது, ஓடை வரைக்கும் போய்ப் பார்த்தாள், கிடைக்கவில்லை. எரித்திருந்தால் நாற்றம் வந்திருக்கும். புதைத்தானா? சவுரிக்காரனிடம் போட்டானா? அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து இவளுக்கு நிம்மதி போச்சு. பஸ்ஸில் முன்சீட்டில் எவளாவது நீளச் சடையோடு உட்கார்ந்தால் போதும், கையைப் பொத்திக்கொண்டு உட்காரணும், இல்லாவிட்டால் தொட்டுப் பார்த்துவிடுவாள். ஒருதரம் திருமங்கலம் பஸ்ஸில் தொட்டேவிட்டாள். செருப்படி வாங்காத குறை.

"அன்புக்குரியவர்களே, ஒரு சின்ன மாற்றம்." திரவியம் மைக்கில். "எழில்வேந்தன் சாருக்கு இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறதால அவர் இப்பவே பேசிடுவார். அதுக்கப்புறம் நம்ம சொர்ணம் அம்மா." பேசிவிட்டுப் போய்விடுவானா? அப்போ பன்னிரண்டாவது வரியை யாரிடம் சொல்ல, ஆஹா அம்மாவிடமா? எழுந்து, இல்ல தம்பி, என்னய மொதல்ல விடு, என்று சொல்லிவிடலாம். அவன் அதற்குள் மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்துவிட்டான். நல்ல குரல். பாடம் நடத்திப் பழகின குரல். என்னென்னவோ இலக்கியத்திலிருந்து சொன்னான், இவளுக்கு ஒண்ணும் பிடிபடவில்லை, கூட்டம் தலையாட்டியது. அப்புறம் குரலை இறக்கினான். "இதுவரை எந்த மேடையிலும் சொல்லாததை இன்று சொல்கிறேன். எனக்கொரு அக்கா இருந்தாள்." கூட்டத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தான். "எனக்கொரு அக்கா இருந்தாள். கனகம் என்று பெயர்." அவனும் ரெண்டு தடவை சொல்கிறான். "எங்கள் குடும்பம் அவளை அண்ணன் என்றது. என் மனம் அவளை அக்கா என்றது. என்னைப் பார்ப்பதற்காகக் கல்லூரி வாசலில் வெயிலில் நிற்பாள். இந்தச் சமூகம் அவளை வாழவிடவில்லை. அவளை மண்ணில் இட்டபோது, நண்பர்களே, இந்தக் கைகள் நடுங்கின." கையைத் தூக்கிக் காட்டினான். ஆஹா அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பஸ் கவிதைப் பையன் அழுதான். திரவியம்கூட, பாவிப்பயல் திரவியம்கூட, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். சொர்ணம் அந்தக் கைகளைப் பார்த்தாள். நடுங்கவில்லையே. அன்றைக்கு நடுங்கவில்லையே, நடுங்கியிருந்தால் கத்திரி கோணலாகப் போயிருக்கும், வேண்டாம்ப்பா விடு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பூசணிக்காயைப் பிடிக்கிற மாதிரி ஆடாமல் அசங்காமல் பிடித்திருந்தான். சமூகமாம். எந்த வீட்டில் இருக்கிறாள் அந்தச் சமூகம், கூப்பிடு, ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். அக்கா. கனகம் அந்தச் சொல்லுக்கு எத்தனை வருஷம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். ஒருதரம், ஒரே ஒருதரம் போனில் சொன்னால் போதும்டி என்றாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். சொல் வந்துவிட்டது. அவள் போய் ஒன்பது வருஷம் கழித்து, மைக் வழியாக, இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். சொர்ணமும் நின்றாள், எல்லாரும் நிற்கும்போது உட்கார்ந்திருந்தால் தெரியும் என்று. அவள் வாய்க்குள் இத்தனை நாள் பொத்திவைத்த பன்னிரண்டாவது வரி எச்சிலாக ஆனது. அதையும் அவனே எடுத்துக்கொண்டான். இனி செல்லையா மகள் கனகம் என்று இவள் சொன்னால், ஆமாம், ஆமாம், சார் சொன்னாரே, என்பார்கள்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம். சொர்ணம் அம்மா கவிதைய மட்டும் கேட்டுட்டுக் கெளம்புங்க சார், அவங்களும் ஒரு தோழியப் பத்தித்தான் எழுதியிருக்காங்க," என்று திரவியம் கெஞ்சியதும் அவன் தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். இன்னும் முகம் அழுத மாதிரியே இருந்தது, கழுவிவிட்ட மாதிரி லேசாக. சொர்ணம் மேடை ஏறினாள். படி மூணு. பொன்னாடை தோளில் நழுவியது, அதை எடுத்து நாற்காலி முதுகில் போட்டாள், அரக்குச் சேலை முழுசாகத் தெரிந்தது. மைக் உயரமாக இருந்தது, திரவியம் ஓடி வந்து இறக்கிவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டான். தாளைப் பிரித்தாள். எழுத்தெல்லாம் எறும்பு. கனகு தலை முழுகினா. கனகு தலை காயவச்சா. எது முதல் வரி? கொடிக்கயிறு. எடமில்ல. வாயில் ஒண்ணும் நிற்கவில்லை, ஒவ்வொரு வரியாகத் தொட்டால் ஒவ்வொண்ணும் அவன் குரலில் வந்தது. தாளை மடித்தாள். திரும்பி அவனைப் பார்த்தாள். இப்போதுதான் அவனும் பார்த்தான், முகத்தை, அப்புறம் சேலையை, கரையை, மடிப்புக் கோட்டை. சுருண்ட காதின் நுனி மெதுவாகச் சிவந்துகொண்டு வந்தது.

"பாண்டித்துரை," என்றாள் சொர்ணம். குரல் தடியாகத்தான் வந்தது, வரட்டும். "கனகு முடிய எங்க வச்சிருக்க?"

மின்விசிறி ஒரு சுற்று, ரெண்டு சுற்று. முன்வரிசையில் ஆஹா என்றாள் அந்த அம்மா, நெஞ்சில் கை வைத்து. கைதட்டல் எழுந்தது, ரெண்டு பேர், நாலு பேர், அப்புறம் மாடி முழுக்க. "அருமை! மறுபடி, மறுபடி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேடையில் ஒருத்தன் மட்டும் தட்டவில்லை, மடியில் இருந்த பையை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கை இப்போது நடுங்கியது. திரவியம் பக்கத்தில் நின்று, ஈரக் கண்ணோடு, சிரித்துக்கொண்டே ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டினான்: ரெண்டு தடவைம்மா.

அவள் ரெண்டாந்தடவை கேட்டாள்.